கியூபர் பணக்காரர், ஈக்வடார்காரர் கூலிக்காரரா? இரண்டு குடியேறிகளின் வரவும் சொத்தும்

நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. "அமெரிக்காவில் கியூபர்கள் வங்கி நடத்துகிறார்கள், உணவகம் நடத்துகிறார்கள், செனட்டர்களாகவும் ஆகிறார்கள். ஈக்வடாரிலிருந்து வந்தவர்களோ சாரத்தில் ஏறிச் செங்கல் வைக்கிறார்கள், அடுத்தவர் வீட்டைத் துடைக்கிறார்கள். பேசும் மொழி ஒன்று, கும்பிடும் மாதா ஒன்று. பிறகு ஏன் இந்த வித்தியாசம்? கியூபர்களுக்குத் தொழில் சாமர்த்தியம் கூடுதலா?"

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நியூஜெர்சியின் ஹட்சன் கவுண்டியில் வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் 15 வரை என் மேசைக்கு எதிர் நாற்காலியில் கியூபர்களும் ஈக்வடார்காரர்களும் மாறி மாறி உட்காருவார்கள். பொருளியல் படித்தவன் அல்ல. ஆனால் ஒரு குடும்பத்தின் சம்பளச் சீட்டையும் வாடகை ரசீதையும் வீட்டு வரிச் சீட்டையும் வருடா வருடம் பார்ப்பவனுக்கு, புள்ளிவிவரம் எந்த இடத்தில் உண்மை சொல்கிறது, எந்த இடத்தில் கண்ணைக் கட்டுகிறது என்று ஓரளவு பிடிபட்டுவிடும்.

கேள்வியிலேயே பாதி தவறு. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை ஆண்டுதோறும் எடுக்கும் சமூக ஆய்வைப் பாருங்கள். அண்மை ஆண்டுகளில் ஈக்வடார் வம்சாவளிக் குடும்பங்களின் நடு வருமானம் (பாதிக் குடும்பங்கள் இதற்கு மேலே, பாதி இதற்குக் கீழே) கியூபக் குடும்பங்களின் நடு வருமானத்தைவிடக் கொஞ்சம் மேலேயே இருக்கிறது. நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிர். ஆனால் சொந்த வீடு வைத்திருப்பவர்கள், குடியுரிமை பெற்றவர்கள், பட்டம் பெற்றவர்கள் என்று எண்ணிப் பார்த்தால் கியூபர்கள் முன்னால் நிற்கிறார்கள். வருமானம் ஒரு பக்கம் சாய்கிறது, சொத்து இன்னொரு பக்கம் சாய்கிறது. இந்த முடிச்சை அவிழ்த்தால் உங்கள் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைக் காட்டுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

யூனியன் சிட்டியில் பெர்கன்லைன் அவென்யூவிலிருந்து ஒரு குறுக்குத் தெருவில் இரண்டு குடித்தன வீடு. கீழ்த்தளத்தில் எண்பதை நெருங்கும் ஒரு கியூப விதவை. முப்பது வருடம் எம்பிராய்டரி தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டியவர். யூனியன் சிட்டி தன்னை அமெரிக்காவின் எம்பிராய்டரித் தலைநகர் என்று சொல்லிக்கொண்ட காலம் அது. கணவர் லாரி ஓட்டினார். 1970களின் கடைசியில் இருவரும் சேர்ந்து அந்த வீட்டை வாங்கினார்கள். இப்போது அவருக்கு வருவது மாத ஓய்வூதியமும் மேல்தள வாடகையும். வீட்டு வரி, காப்பீடு, பழுதுச் செலவெல்லாம் கழித்தால் ஆண்டுக்கு 27,000 டாலர் தேறும். மேல்தளத்தில் ஈக்வடாரின் கான்யார் மாகாணத்திலிருந்து வந்த குடும்பம். கணவர் கூரை வேலை, மனைவி வீடு சுத்தம் செய்யும் வேலை, கணவரின் தம்பி பெயிண்டர், சமுதாயக் கல்லூரியில் படித்துக்கொண்டே மருந்துக் கடையில் வேலை பார்க்கும் மூத்த மகள், இன்னும் இரண்டு சின்னப் பிள்ளைகள். நான்கு சம்பளமும் சேர்ந்து நல்ல ஆண்டில் 1,10,000 டாலரைத் தாண்டும்.

கணக்கெடுப்பாளர் இந்த வீட்டுக்கு வந்தால் என்ன எழுதிக்கொண்டு போவார்? கியூபக் குடும்பம் 27,000, ஈக்வடார்க் குடும்பம் 1,10,000. கீழ்வீட்டு அம்மா வறியவர், மேல்வீட்டுக்காரர்கள் வசதியானவர்கள். ஆனால் அந்த வீட்டை இன்று விற்றால் 6 லட்சம் டாலருக்குக் குறையாது. அது முழுக்க அந்த அம்மாவுடையது. மேல்வீட்டில் சம்பாதிக்கும் நான்கு பேரில் ஒருவருக்குக் கால் வழுக்கினால் போதும், வாடகைக்கே திண்டாட்டம்.

கியூப சமூகம் வயதான சமூகம். தனியாக இருக்கும் முதியவர்கள் அதிகம், ஓய்வூதியக் குடும்பங்கள் அதிகம். மூன்றில் இரண்டு பங்கு கியூபர்கள் வாழ்வது புளோரிடாவில், அதிலும் மயாமியைச் சுற்றி. அங்கே கூலி குறைவு. ஈக்வடார் சமூகம் இளையது, பெரும்பகுதி நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் இருக்கிறது. அங்கே கூலியும் அதிகம், வாடகையும் அதிகம். ஒரு கூரைக்குள் மூன்று நான்கு பேர் சம்பாதித்தால்தான் வாடகையே கட்ட முடியும். ஆகவே குடும்ப வருமானம் உயர்ந்து தெரிவது வளத்தின் அடையாளம் மட்டும் அல்ல, நெருக்கடியின் அடையாளமாகவும் இருக்கலாம். தலைக்கு எவ்வளவு, எத்தனை கை உழைத்து எவ்வளவு என்று கேட்காமல் இரண்டு சமூகங்களை ஒப்பிட்டால் தராசு பொய் சொல்லும்.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1959 ஜனவரியில் காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்தார். 1962 அக்டோபர் ஏவுகணை நெருக்கடியோடு நேரடி விமானங்கள் நின்றன. அதற்குள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கியூபாவை விட்டு வந்துவிட்டார்கள். இவர்கள் கியூப மக்களின் மாதிரி என்று சொல்ல முடியாது. மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், ஆலை முதலாளிகள், வங்கி அதிகாரிகள், அவர்களிடம் வேலை பார்த்த கணக்கர்கள். பெற்றோர் இல்லாமல் விமானம் ஏற்றி அனுப்பப்பட்ட பிள்ளைகள் மட்டும் 14,000க்கு மேல். கோகோ கோலா நிறுவனத்தின் தலைவராக 1981 முதல் 1997 வரை இருந்த ராபர்ட்டோ கொய்சுவெட்டா கையில் 40 டாலரும் அந்த நிறுவனத்தின் 100 பங்குகளுமாக வந்தவர் என்ற கதையை மயாமியில் பெருமையாகச் சொல்வார்கள். கதை உண்மைதான். ஆனால் அவர் யேல் பல்கலைக்கழகத்தில் வேதிப் பொறியியல் படித்தவர், ஹவானாவில் அதே நிறுவனத்தில் வேலையில் இருந்தவர். 40 டாலரைச் சொல்பவர்கள் யேலைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

வந்தவர்களை அமெரிக்க அரசு எப்படி வரவேற்றது என்பது அடுத்தது. பனிப்போர்க் காலம். கம்யூனிசத்தை விட்டு ஓடி வந்த ஒவ்வொருவரும் வாஷிங்டனுக்கு ஒரு விளம்பரம். கென்னடி 1961இல் கியூப அகதிகள் திட்டத்தைத் தொடங்கினார். மயாமியில் பழைய பத்திரிகை அலுவலகக் கோபுரம் ஒன்றில் பதிவு நடந்தது. அதற்குப் பின்னாளில் சுதந்திரக் கோபுரம் என்றே பெயர் வந்தது. குடும்பத்துக்கு மாதம் 100 டாலர், பால் பொடி, பாலாடைக்கட்டி, டின் இறைச்சி, மருத்துவ உதவி, ஆங்கில வகுப்பு, கல்லூரிக் கடன், வேறு மாநிலத்துக்குப் போய்க் குடியேறப் பயணச் செலவு. ஹவானாவில் மருத்துவராக இருந்தவர் அமெரிக்க உரிமத் தேர்வு எழுதுவதற்கு மயாமிப் பல்கலைக்கழகத்தில் தனிப் பயிற்சி. 1965 முதல் 1973 வரை கியூபாவின் வரதேரோவிலிருந்து மயாமிக்கு அமெரிக்க அரசே விமானம் விட்டு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அழைத்து வந்தது. யூனியன் சிட்டி அம்மா அப்படி வந்தவர்களில் ஒருவர்.

எல்லாவற்றுக்கும் மேலே, 1966 நவம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட கியூபர் நிலைமாற்றச் சட்டம். முறையாக அனுமதிக்கப்பட்ட எந்தக் கியூபரும் இரண்டு ஆண்டு தங்கினால் நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பின்னாளில் அது ஓராண்டாகக் குறைந்தது. தனித்தனியாகத் துன்புறுத்தலை நிரூபிக்க வேண்டாம், உறவினர் மனுப் போட வேண்டாம், முதலாளி மனுப் போட வேண்டாம். பிறந்த நாடு கியூபா என்றால் போதும். உலகில் வேறு எந்த நாட்டவருக்கும் இப்படியொரு நிரந்தரமான கதவை அமெரிக்கா திறந்து வைத்ததில்லை.

மயாமியின் கியூபத் தொழில் வளர்ச்சியில் எனக்கு மிகப் பிடித்த விவரம் ஒன்று உண்டு. 1960களில் மயாமியின் சில சிறு வங்கிகள், ஹவானாவில் வங்கி அதிகாரிகளாக இருந்த அகதிகளைக் கடன் பிரிவில் வேலைக்கு வைத்தன. எதிரில் வந்து உட்காரும் கியூபருக்கு அடமானம் வைக்க எதுவும் இல்லை, அமெரிக்காவில் கடன் வரலாறும் இல்லை. ஆனால் அவருக்கு ஹவானாவில் எந்தத் தெருவில் கடை இருந்தது, அவர் சொன்ன நாளில் பணம் கட்டுகிறவரா என்பதெல்லாம் அதிகாரிக்குத் தெரியும். அந்தத் தெரிதலையே பிணையாக வைத்துக் கடன் கொடுத்தார்கள். நடத்தைக் கடன் என்றே அதற்குப் பெயர். கியூபாவில் பிறந்த சமூகவியலாளர் அலெஹாந்த்ரோ போர்ட்டெஸ் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். விமானங்கள் நின்ற 1973 வாக்கில் அந்தக் கடனும் நின்றுபோயிற்று. காரணம் வெளிப்படை. அதற்குப் பிறகு வந்த புதியவர்களை, புரட்சிக்கு முந்தைய ஹவானாவை மட்டும் அறிந்த அந்த அதிகாரிகளுக்குத் தெரியாது. கியூபர் என்பதற்காகக் கிடைத்த கடன் இல்லை அது, தெரிந்த வர்க்கத்துக்குக் கிடைத்த கடன். சாமர்த்தியம் பற்றிக் கேட்டீர்களே, அதனால் சொல்கிறேன்.

இதில் பெண்களின் பங்கைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மயாமியை ஒட்டிய ஹயலியா நகரின் தையல் ஆலைகளில் வருடக்கணக்கில் ஊசி ஓட்டியவர்கள், கியூபாவில் வேலைக்கே போகாத நடுத்தர வர்க்கப் பெண்கள். "கணவர் உரிமத் தேர்வு எழுதும் வரைதான்" என்று தொடங்கிய வேலை இருபது வருடம் நீண்டது. மயாமிக் கியூபக் குடும்பங்களின் முதல் வீட்டு முன்பணம் பெரும்பாலும் தையல் இயந்திரத்திலிருந்து வந்தது.

ஈக்வடாரின் கதை தொப்பியில் தொடங்குகிறது. பனாமா தொப்பி என்று உலகம் அழைப்பது ஈக்வடாரில் நெய்யும் தொப்பி. அசுவாய், கான்யார் என்ற இரண்டு தென் மலை மாகாணங்களில் டோக்கில்லா என்னும் ஓலை நாரைக் கொண்டு உழவர் வீட்டுப் பெண்கள் முடைவார்கள். 1940களில் அது நாட்டின் முக்கிய ஏற்றுமதி. வாங்குபவர்கள் நியூயார்க் வணிகர்கள். 1950களில் மலிவான ஆசியப் போலிகள் வந்தன, தொப்பி அணியும் வழக்கமும் குறைந்தது, தொழில் படுத்துவிட்டது. தொப்பி போன பிறகும் நியூயார்க் முகவரிகள் மட்டும் கையில் இருந்தன. குவெங்கா நகரத்துத் தரகர்களின் பிள்ளைகள் அந்த முகவரிகளைப் பிடித்துக்கொண்டு முதலில் கிளம்பினார்கள். அவர்கள் பின்னால் ஊர் ஊராக உழவர்கள் கிளம்பினார்கள். நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் 7ஆம் எண் ரயில் தலைக்கு மேல் ஓடும் ரூஸ்வெல்ட் அவென்யூவுக்கு அவர்கள் வந்து சேர்ந்த வழி இதுதான்.

இவர்களை வரவேற்க எந்தக் கோபுரமும் இல்லை. 1960, 70களில் வந்த கொஞ்சம் பேருக்கு விசா கிடைத்தது. பிறகு வந்தவர்களில் பலர் சுற்றுலா விசாவில் வந்து தங்கியவர்கள், அல்லது கொயோத்தே என்னும் ஆள்கடத்தித் தரகரிடம் பணம் கொடுத்து எல்லை தாண்டியவர்கள். அந்தப் பணத்துக்கு அவர்கள் போகும் இடம் சுல்கேரோ. நம் ஊர்ச் சொல்லில் கந்துவட்டிக்காரர். நிலப் பத்திரத்தை அடமானம் வாங்கிக்கொண்டு பத்தாயிரம், பதினைந்தாயிரம் டாலர் என்று கொடுப்பார். வட்டி மாதக் கணக்கில். ஆகவே ஈக்வடார்காரர் அமெரிக்க மண்ணில் கால் வைக்கும்போது அவருடைய கணக்கு பூஜ்யத்தில் தொடங்குவதில்லை, பெரிய கடனில் தொடங்குகிறது. முதல் இரண்டு மூன்று ஆண்டு உழைப்பு அந்தக் கடனுக்கே போய்விடும். கடனில் இருப்பவரால் ஆங்கில வகுப்புக்குப் போக முடியாது, நல்ல வேலை வரும் வரை காத்திருக்க முடியாது, கூலியைக் குறைத்துக் கொடுத்தால் எதிர்த்துப் பேச முடியாது. கியூபருக்குக் கிடைத்த மாதம் 100 டாலரின் உண்மையான மதிப்பு இங்கேதான் தெரிகிறது. அது சோற்றுப் பணம் மட்டும் அல்ல, எந்த வேலையை எடுப்பது என்று யோசிக்க வாங்கிக் கொடுத்த அவகாசம்.

பெரிய அலை வந்தது 1999க்குப் பிறகு. எண்ணெய் விலை வீழ்ந்திருந்தது, எல் நினோ வெள்ளம் கடற்கரை விளைச்சலை அழித்திருந்தது, வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. 1999 மார்ச்சில் அதிபர் ஹமீல் மவாத் வங்கிகளை மூடி மக்களின் சேமிப்பை முடக்கினார். ஆண்டுத் தொடக்கத்தில் டாலருக்கு ஏறக்குறைய 7,000 சுக்ரேயாக இருந்தது அடுத்த ஜனவரியில் 25,000 ஆயிற்று. 2000 ஜனவரி 9 அன்று சுக்ரேயை ஒழித்து டாலரையே நாட்டு நாணயமாக்குவதாக அறிவித்தார். இரண்டே வாரத்தில் பதவியை இழந்தார். ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் கூட நாட்டை விட்டு ஓடிய காலம் அது. அமெரிக்காவுக்கு வந்தவர்களைவிட ஸ்பெயினுக்குப் போனவர்கள் அதிகம். ஏனென்றால் 2003 வரை ஈக்வடார்காரர்களுக்கு ஸ்பெயினில் விசா தேவையில்லை.

ஸ்பெயினைச் சொன்னதும் ஒரு இணைகோடு இழுக்கத் தோன்றுகிறது. ஸ்பெயின் முன்பு ஆண்ட லத்தீன் அமெரிக்க நாட்டவர் யாராக இருந்தாலும் அங்கே இரண்டு ஆண்டு சட்டப்படி வாழ்ந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கியூபருக்கும் அதே விதி, ஈக்வடார்காரருக்கும் அதே விதி. 2005இல் ஸ்பெயின் அரசு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆவணம் கொடுத்தது. அதில் ஈக்வடார்காரர்கள் பெரும் பங்கு. அமெரிக்காவில் முப்பது ஆண்டு காத்திருந்தும் கிடைக்காதது, அதே ஊரிலிருந்து கிளம்பிய தம்பிக்கு மாட்ரிட்டில் சில ஆண்டுகளில் கிடைத்துவிட்டது. ஆவணம் கிடைத்ததும் அவர்கள் என்ன செய்தார்கள்? வங்கிக் கடனில் வீடு வாங்கினார்கள். 2008இல் சந்தை சரிந்தபோது வீட்டை வங்கி எடுத்துக்கொண்டது. வீட்டைப் பறிகொடுத்த பிறகும் மீதிக் கடன் தலையில் நிற்கும் என்பது ஸ்பானியச் சட்டம். வீட்டுப் பறிமுதலுக்கு எதிராக முதலில் தெருவில் இறங்கியவர்களில் ஈக்வடார்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். ஆவணம் வளத்துக்கு உத்தரவாதம் தராது. ஆனால் வீடு வாங்கலாம், இழக்கலாம், இழந்ததற்காகத் தெருவில் நின்று கத்தலாம் என்ற நிலையை அது கொடுக்கிறது.

அமெரிக்காவில் ஆவணமின்மையின் விலை என்ன? என் மேசையில் அதை டாலர், சென்ட் வரை சொல்லிவிட முடியும். 2023ஆம் வரியாண்டை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, அமெரிக்காவிலேயே பிறந்த இரண்டு பிள்ளைகள், சம்பளம் 40,000 டாலர். பெற்றோர் இருவரிடமும் வேலை செய்யச் செல்லும் சமூகப் பாதுகாப்பு எண் இருந்தால், குறைந்த வருமானத்தில் உழைக்கும் குடும்பங்களுக்கான வரிச் சலுகையாகக் கூட்டரசு ஏறக்குறைய 4,100 டாலரைக் கையில் திருப்பிக் கொடுக்கும். அந்த எண் இல்லாமல், 9இல் தொடங்கும் தனிநபர் வரி எண்ணை வைத்துக் கணக்குத் தாக்கல் செய்தால் அந்தச் சலுகை பூஜ்யம். அதே உழைப்பு, அதே சம்பளம், பிள்ளைகள் இருவருமே அமெரிக்கக் குடிமக்கள். பத்து ஆண்டில் நாற்பதாயிரம் டாலர் வித்தியாசம். ஹட்சன் கவுண்டியில் அது ஒரு வீட்டின் முன்பணத்தில் பெரும்பகுதி.

இன்னும் இருக்கிறது. அடுத்தவரின் எண்ணை இரவல் வாங்கி வேலை செய்பவரின் சம்பளத்திலும் ஓய்வூதிய வரி பிடிக்கப்படும். அது அவருக்குத் திரும்பி வராது. கியூப அம்மாவுக்கு மாதா மாதம் வரும் ஓய்வூதியம், மேல்வீட்டுக்காரர் அறுபத்தெட்டு வயதில் கூரையை விட்டு இறங்கும்போது வராது. 2001 ஏப்ரல் 30க்குள் மனுப் போட்டவர்கள் 1,000 டாலர் அபராதம் கட்டி அமெரிக்காவில் இருந்தபடியே நிரந்தர வதிவுரிமைக்கு மாறிக்கொள்ள ஒரு வழி இருந்தது. அந்தத் தேதிக்கு முன்னால் வந்து மனுப் போட்ட அண்ணன் இன்று ஒப்பந்தக்காரர், தவறவிட்ட தம்பி அவரிடமே கூலி. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். சாமர்த்தியம் இதில் எங்கே வருகிறது?

இருந்தாலும் எல்லாமே ஆவணம்தான் என்று நான் சாதிக்கப் போவதில்லை. அதற்கு கியூபர்களே சாட்சி. 1980 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை கியூபாவின் மரியெல் துறைமுகத்திலிருந்து படகுகளில் 1,25,000 பேர் வந்தார்கள். மயாமியின் உழைப்பாளர் எண்ணிக்கை ஒரேயடியாக 7 சதவீதம் கூடியது. பின்னாளில் பொருளியல் நோபல் பெற்ற டேவிட் கார்டு இதை ஆராய்ந்து, உள்ளூர்க் கூலி பெரிதாக விழவில்லை என்றார். இன்னொரு பொருளியலாளர் ஜார்ஜ் போர்ஹாஸ், அவரும் கியூபாவில் பிறந்தவர்தான், பள்ளிப்படிப்பை முடிக்காத ஆண்களின் கூலி விழுந்தது என்று மறுத்தார். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. நமக்கு வேண்டியது வேறு. மரியெல் படகில் வந்தவர்களுக்கும் 1994இல் தெப்பங்களில் வந்தவர்களுக்கும் இறுதியில் அதே சட்டப்படி ஆவணம் கிடைத்தது. ஆனால் அவர்கள் தொழிலாளர்கள், அவர்களில் கறுப்பர்களும் அதிகம், வங்கியில் அவர்களைத் தெரிந்த அதிகாரி யாரும் இல்லை. 1962க்கு முன் வந்தவர்களின் உயரத்தை அவர்கள் எட்டவில்லை. கோரல் கேபிள்ஸ் மாளிகையில் இருப்பவரும் கியூபர், ஹயலியாவில் யாரோ ஒருவர் வீட்டின் பின்புறம் தடுத்துக் கட்டிய ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவரும் கியூபர். இருவரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருகிற "சராசரிக் கியூபர்" எந்தத் தெருவிலும் வசிப்பதில்லை.

ஈக்வடார் பக்கமும் அப்படியே. குவயாக்கில் நகரத்து நடுத்தர வர்க்கத்திலிருந்து முன்பே வந்த குடும்பத்தின் பிள்ளை இன்று குயின்ஸில் மருத்துவராகவோ நகரசபை உறுப்பினராகவோ இருக்கலாம். அண்மையில் மலையிலிருந்து வந்த கிச்வா மொழி பேசும் பெண், முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு நியூயார்க் சுரங்க ரயில் படிக்கட்டில் வெட்டிய மாம்பழத்தை விற்கிறார். ஸ்பானிஷே அவருக்கு இரண்டாம் மொழி. இருவரும் ஒரே புள்ளிவிவரக் கட்டத்துக்குள்தான்.

ஊருக்குப் போகும் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் அலைக் கியூபர் ஊருக்குப் பணம் அனுப்பி வீடு கட்டவில்லை. அரசு பறித்துக்கொண்ட ஊரில் யார் வீடு கட்டுவார்? சம்பாதித்த டாலர் மயாமியிலேயே சுற்றியது, அங்கேயே முதலீடானது. ஈக்வடார்காரரின் பணமோ ஊருக்குப் போகிறது. 2024இல் வெளிநாடுகளிலிருந்து ஈக்வடாருக்குப் போன பணம் 650 கோடி டாலர், அதில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து. கான்யாரிலும் அசுவாயிலும் மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே மூன்று மாடி சிமெண்ட் வீடுகள் நிற்கின்றன, நிறக் கண்ணாடி ஜன்னல்களோடு. உள்ளே ஒரே அறையில் பாட்டி இருப்பார், மற்ற அறைகளில் பூட்டு. கட்டியவர் குயின்ஸில் நிலவறை வாடகையில் இருக்கிறார். வந்து பார்க்க முடியாது. ஓராண்டுக்கு மேல் ஆவணமின்றித் தங்கியவர் வெளியேறினால் பத்தாண்டு திரும்ப முடியாது என்பது 1996 முதல் சட்டம். அவர் போக முடியாததால் ஊர் அவரிடம் வருகிறது. குவெங்காவிலிருந்து கூரியரில், வறுத்த கினிப்பன்றி இறைச்சியும் வேகவைத்த சோளமும் பொட்டலமாக நியூயார்க்குக்கு வந்து சேரும். மேல்வீட்டில் ஒருமுறை அந்தப் பொட்டலம் பிரித்ததைப் பார்த்திருக்கிறேன். பிரித்ததும் யாரும் சாப்பிடவில்லை. முதலில் மணத்தை முகர்ந்தார்கள்.

பொருளாதாரக் கண்ணில் இது மூலதனக் கசிவு. அதே பணம் நியூஜெர்சியில் தங்கியிருந்தால் கடையாகவோ வீடாகவோ ஆகியிருக்கும். ஆனால் நாளை நாடு கடத்தப்படலாம் என்று பயப்படுகிறவர் சொத்தை எங்கே வைப்பார்? துரத்த முடியாத இடத்தில்தான் வைப்பார். அவர் கணக்கில் தவறு காண என்னால் முடியவில்லை.

கடைசியாக, இந்த ஒப்பீடு இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. நிலத்தில் கால் வைத்த கியூபர் தங்கலாம், கடலில் பிடிபட்டவர் திரும்ப வேண்டும் என்றிருந்த வழக்கத்தை 2017 ஜனவரியில் ஒபாமா நிறுத்தினார். 2021 நவம்பரில் நிகரகுவா கியூபர்களுக்கு விசாவை நீக்கியதும் விமானத்தில் அங்கே போய், அங்கிருந்து தரைவழியாக அமெரிக்க எல்லைக்கு வந்தார்கள். 2022 நிதியாண்டில் மட்டும் இரண்டு லட்சத்துக்கும் மேல். எல்லையில் அவர்களில் ஏராளமானவர்களுக்குக் கொடுக்கப்பட்ட தாளின் பெயர் ஐ-220ஏ. அந்தத் தாளோடு விடுவிக்கப்பட்டது "முறையான அனுமதி" ஆகாது, ஆகவே 1966 சட்டம் பொருந்தாது என்று 2023 செப்டம்பரில் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வேறொரு திட்டத்தில் விமானத்தில் வந்தவர்களின் தற்காலிக அனுமதியை 2025இல் அரசு ரத்து செய்தது. சட்டம் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. அதன் வாசலுக்குப் போகும் படிக்கட்டைத்தான் எடுத்துவிட்டார்கள். ஈக்வடார்காரர்களும் இதே ஆண்டுகளில் பெருங்கூட்டமாக வந்தார்கள், இந்த முறை கொள்ளைக் கும்பல்களின் துப்பாக்கிக்குப் பயந்து. நியூயார்க் அரசியல்வாதிகள் பலமுறை கேட்டும் நாடு கடத்தாமல் விட்டுவைக்கும் தற்காலிகப் பாதுகாப்பு நிலை அவர்களுக்குத் தரப்படவில்லை.

யூனியன் சிட்டி அம்மாவின் தங்கை மகன் 2022இல் அப்படி நிகரகுவா வழியாக வந்தவர். கியூபாவில் கணினி ஆசிரியர். ஹயலியாவில் ஓராண்டு சமாளித்துப் பார்த்துவிட்டுப் பெரியம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஐ-220ஏ. கியூபர் என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் ஒரு காலத்தில் இருந்த மந்திரம் தன் விஷயத்தில் ஏன் வேலை செய்யவில்லை என்று பிப்ரவரியில் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டார். அவர் பெரியம்மாவுக்கும் அது புரியவில்லை. "எங்களுக்கு விமானமே அனுப்பினார்களே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இப்போது காலை ஐந்தரை மணிக்கு மேல்வீட்டு ஈக்வடார்காரரின் வேனில் ஏறி அவரும் கூரை வேலைக்குப் போகிறார். ஆணித் துப்பாக்கியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது மேல்வீட்டுத் தம்பி. கூலி நாளுக்கு 160 டாலர், கையில் ரொக்கம்.